கல் நடுவதற்கு முன்னால்: சாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பென்னாகரத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கதை எழுதுகிற உங்களைக் கௌரவிக்க ஒரு தொகுப்பு போடட்டுமா என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "மலரெல்லாம் செத்தவனுக்குப் போடறதுப்பா. எனக்கு இன்னும் ரெண்டு பல்லு மிச்சம் இருக்கு." உள்ளேயிருந்து அம்மா சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிவிட்டேன். இண்டூர் தாண்டும்போதுதான் சொல்லியிருக்க வேண்டிய பதில் தோன்றியது. எனக்குப் பதில் எப்போதுமே இண்டூர் தாண்டித்தான் வரும். நேரில் சொன்னால் பேச்சை மாற்றுவீர்கள், போனில் சொன்னால் காது கேட்கவில்லை என்பீர்கள், அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன். பேரனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் பேரை எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.

மலர் என்றதும் உங்களுக்கு அந்தப் பாராட்டு விழாதான் ஞாபகம் வந்திருக்கும். எந்த அமைப்பு, எந்த வருஷம் என்பதெல்லாம் இப்போது எதற்கு. பேனரில் "ஆவிக்கதை அரசர்" என்று போட்டிருந்தார்கள். நீங்கள் எழுதிய ஒரு கதையிலும் ஆவி கிடையாது. வெள்ளைப் புடவை கிடையாது, கொலுசுச் சத்தம் கிடையாது. ஷீல்டில் பேர் தப்பு, சால்வையில் விலைச்சீட்டு. அன்றைக்கு வெளியிட்ட விழா மலரில் முக்கால்வாசிப் பக்கம் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் ரைஸ் மில்லும் உங்களை "வாழ்த்தி வணங்கின". மிச்சப் பக்கத்தில் ஆளாளுக்கு உங்களை இமயம் என்றார்கள். ஒருத்தர்கூட ஒரு கதையைப் பற்றிப் பேசவில்லை, ஏனென்றால் ஒருத்தரும் படித்திருக்கவில்லை.

நான் கேட்டது அது இல்லை. இங்கிலீஷில் இந்த விசித்திர, திகில் கதைக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒருத்தரைக் கௌரவிக்க வேண்டுமென்றால் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதமாட்டார்கள். அவருடைய கதைகளைப் படித்துத் தூக்கம் கெட்டவர்கள் ஆளுக்கொரு புதுக் கதை எழுதுவார்கள், அதைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவார்கள். கதைதான் பாராட்டு. டெட்ராய்ட்டில் 1953-ல் பிறந்த தாமஸ் லிகோட்டி என்று ஒருத்தர், இருபது வருஷத்துக்கும் மேல் ஒரு பதிப்பகத்தில் தகவல் புத்தகங்களோடு வேலை பார்த்தவர், கூட்டம் மேடை பக்கமே தலைகாட்டாதவர், கிட்டத்தட்ட உங்களுக்குத் தம்பி. அவருக்காக ஜோசப் புல்வர் 2013-ல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார், அதற்கு ஷெர்லி ஜாக்சன் பேரில் கொடுக்கிற விருதும் கிடைத்தது. அடுத்த வருஷமே அலாஸ்காக்காரர் லேர்ட் பாரன் என்பவருக்கு ஒன்று வந்தது. அவருக்கு அப்போது நாற்பத்துச் சொச்சம் வயசுதான். பல் பிரச்சனையே எழவில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது ராம்சே கேம்ப்பெல்லைப் பற்றி. லிவர்பூலில் 1946-ல் பிறந்தவர். பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளைப் படித்துக் கிறுக்குப் பிடித்து, அதே மாதிரி எழுதி, அமெரிக்காவில் லவ்கிராஃப்டைப் புத்தகமாகப் போட்டுக்கொண்டிருந்த ஆகஸ்ட் டெர்லெத்துக்கு அனுப்பினார். கதையெல்லாம் மாசசூசெட்ஸில் நடக்கிறது, பையனோ அந்தப் பக்கமே போனதில்லை. டெர்லெத் என்ன சொன்னார் தெரியுமா? அமெரிக்காவை விட்டுவிடு, உன் இங்கிலாந்தில் வை என்றார். அப்புறம்தான் செவர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிரிசெஸ்டர், கோட்ஸ்வுட் என்று இல்லாத ஊர்களைக் கட்டினார். முதல் புத்தகம் 1964-ல் வந்தபோது அவருக்கு 18 வயசு. சரி, இதுவல்ல விஷயம். 1995-ல் அந்தக் கோட்ஸ்வுட் பேரையே தலைப்பில் வைத்து, அந்தப் பள்ளத்தாக்கில் நடக்கிற கதைகளாக மற்றவர்கள் எழுதி, அவருக்கு ஒரு தொகுப்பு போட்டார்கள். அதில் கேம்ப்பெல்லும் ஒரு புதுக்கதை எழுதிக் கொடுத்தார். தன்னைப் பாராட்டுகிற புத்தகத்தில் தானே ஒரு கை போட்டுக்கொண்டார்! செத்தவனால் அதைச் செய்ய முடியுமா சார்?

நம்ம ஊர்ப் பழக்கம் வேறே. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஜில்லாவிலும் திரும்பின பக்கமெல்லாம் நடுகல். புளியமரத்தடியில், ஏரிக்கரையில், கொல்லையில், வில்லோடும் வாளோடும் ஆள் நிற்கிறான். ஆடு மாடு மீட்கப் போய் அம்பு வாங்கிச் செத்த பிறகுதான் கல். பதினொன்றாம் வகுப்பில் நீங்கள்தான் நடத்தினீர்கள், இதே தகடூரில் இருந்த அதியமானுக்கு ஔவை பாடிய புறநானூற்று 232-ம் பாட்டு. மயில்பீலி சூட்டின நடுகல்லுக்கு முன்னால் கள்ளை ஊற்றுகிறார்கள். "சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ" என்கிறாள் கிழவி. மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறதை வாங்கிக்கொள்வானா? அந்த வரிக்கு வந்ததும் நீங்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பின் பெஞ்சில் ஒருத்தன் மணி அடிச்சாச்சு சார் என்றான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் என்னடாவென்றால் உங்களுக்கும் அந்தச் சின்னக் கலத்தில் ஊற்றினால் போதும் என்கிறீர்கள்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரிக்கு 26 பேர் சேர்ந்து கதை எழுதி ஒரு தொகுப்பு தயார் செய்தார்கள். அவரும் அதற்கு ஒரு முன்னுரை கொடுத்தார். புத்தகம் வந்தது 2012 ஜூலையில். அவர் போனது அந்த ஜூன் 5-ம் தேதி. வயசு 91. ஒரு மாசம் சார்.

திண்ணையில் நீங்கள் இன்னொன்றும் முனகினீர்கள், "என்ன மாதிரியே எழுதுனா அது எதுக்கு, கார்பன் பேப்பரா?" என்று. இது நியாயமான பயம். இந்த மாதிரித் தொகுப்புகளுக்குப் பிடிக்கிற வியாதியே அதுதான். ஆசானுக்கு ஒரு பொம்மை பிடிக்கும் என்றால் ஆளாளுக்கு ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் எழுத ஒப்புக்கொண்டவர்களிடம் டெர்லெத் சொன்னதையே சொல்லியிருக்கிறேன். சாருடைய பென்னாகரத்தைத் தொடாதே, உன் ஊரில் வை. ஒரு லாரி டிரைவர் தொப்பூர் கணவாய் எழுதுகிறார். இருபது வருஷமாக அந்த இறக்கத்தில் வண்டி இறக்குகிறவர், பேயை எல்லாம் விட்டுவிட்டு பிரேக்கைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார், படித்தால் உள்ளங்கை வேர்க்கிறது. மாங்கூழ் ஃபாக்டரியில் சீசனுக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் எழுதுகிறாள். ஒகேனக்கல்லில் பரிசல் போடுகிற பையன் ஒருத்தன் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மூணு மாசமாக ஏமாற்றுகிறான். உங்கள் ஆள்கள், உங்கள் வீடுகள், உங்கள் வாக்கியம் எதையும் எடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் எடுக்கலாம், கடைசிவரை காரணம் சொல்லாமல் விடுகிற அந்தக் கெட்ட பழக்கத்தை.

விதியை மீறினது நான் ஒருத்தன்தான். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

நாலு ரோடு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாக மாத இதழ்கள் கிடந்தன என்று சொன்னேன் இல்லையா, அதில் அட்டை போன ஒரு இதழில்தான் உங்கள் கதையை முதலில் படித்தேன். புனைபெயர், யாரென்று தெரியாது. மல்லச்சந்திரம் மலைமேல் இருக்கிற கல்திட்டைகள், பழங்காலத்து ஈமச் சின்னங்கள். பலகைக்கல்லில் வட்டமாகத் துளை, புத்தகத்தில் அதற்கு இடுதுளை என்று பேர், உங்கள் கதையில் வெறும் பொந்து. ஆடு மேய்க்கிற பையன் குப்புறப் படுத்து அந்தப் பொந்து வழியாகக் கீழே ஊரைப் பார்க்கிறான். எழுந்து நின்று எண்ணினால் 43 கூரை. பொந்து வழியாக எண்ணினால் 44. பாட்டியிடம் சொன்னால் அவள் முறத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் "எண்ணாதடா, எண்ணுனா கூடும்" என்கிறாள். அங்கேதான் எனக்குத் தூக்கிப் போட்டது. பரீட்சை லீவுக்கு நாங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தால் நீங்கள் வகுப்பில் சொல்கிற அதே வார்த்தை. பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் பையன் மறுபடியும் பார்க்கிறான், அந்த 44-வது வீட்டுக் கதவு திறக்கிறது, லாந்தரோடு ஒரு ஆள் வெளியே வந்து மலையைப் பார்த்து எண்ண ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான், அடுத்த தாள் இல்லை. பொட்டலம் மடிக்கப் போயிருக்கும். மறுநாளே பென்னாகரத்துக்கு வந்து முடிவு என்ன சார் என்று கேட்டேன். "என்கிட்டயும் அந்தத் தாள் இல்லப்பா, என்ன எழுதுனேன்னு மறந்துபோச்சு" என்றீர்கள். நிஜமா பொய்யா என்று இன்றுவரை தெரியாது.

அந்தத் தாளைத்தான் நான் எழுதியிருக்கிறேன். லாந்தரோடு வந்த ஆளுக்கு வலதுகை விரலில் சாக்பீஸ் பொடி. கக்கத்தில் ஒரு அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர். அவர் எண்ணி முடிக்கும்போது கீழே ஊரில் ஒரு வீடு குறைகிறது. குறைகிற வீடு உங்களுடையது சார், நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

இதற்கு உங்கள் அனுமதி வேண்டும். முன்மாதிரி இல்லாமல் கேட்கவில்லை. 1935-ல் ராபர்ட் பிளாக் என்ற பதினெட்டு வயசுப் பையன், தன் குரு லவ்கிராஃப்டைக் கதையில் கொல்லட்டுமா என்று கடிதம் போட்டுக் கேட்டான். லவ்கிராஃப்ட் கோபப்படவில்லை. தன்னைச் சித்தரிக்கலாம், கொல்லலாம், சிதைக்கலாம், எப்படி வேண்டுமானாலும் உருமாற்றலாம் என்று பத்திரம் மாதிரி ஒரு அனுமதிக் கடிதம் எழுதி, கதைகளில் மட்டுமே இருக்கிற ஆட்களைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்து அனுப்பினார். அதோடு விட்டாரா? பதிலுக்கு ராபர்ட் பிளேக் என்று ஒரு பாத்திரத்தை உருவாக்கி, மில்வாக்கியில் அந்தப் பையன் இருந்த நிஜ வீட்டு நம்பரையும் தெருவையும் அப்படியே போட்டு, அவனைக் கொன்றார். அது அச்சில் வந்தது 1936 டிசம்பரில், அடுத்த மார்ச்சில் லவ்கிராஃப்ட் செத்துப்போனார். 46 வயசு. பிளாக் மூன்றாவதாக இன்னொரு கதை எழுதினார், 1950-ல். அதற்குப் பதில் வரவில்லை.

எனக்குப் பத்திரமெல்லாம் வேண்டாம், ஒரு போஸ்ட்கார்டு போதும். சாட்சிக்குப் பாட்டியின் கைநாட்டு வைத்துவிடுங்கள், முறத்தோடு உட்கார்ந்திருக்கிறாளே, அந்தப் பாட்டி. அம்மாவிடம் ஏற்கெனவே போனில் கேட்டாயிற்று, அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை, திண்ணையை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். விட்டுவிட்டேன்.

அப்புறம், பதிலுக்கு என்னைக் கொல்வதாக இருந்தால் தொகுப்பில் எட்டுப் பக்கம் காலியாக வைத்திருக்கிறேன். என் வீட்டு நம்பர் உங்கள் டைரியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

உங்கள் பழைய மாணவன்,
தர்மபுரி