விடுதித் தொட்டியும் மஞ்சள் காமாலையும்

ஆசிரியருக்கு,

வளரிளம் பருவத்தினரிடையே காணப்படும் மஞ்சள் காமாலை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை, பள்ளி விடுதிக் காப்பாளராக இருந்தவன் என்ற முறையில் கவலையோடு படித்தேன். மாசுபட்ட நீர் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமி ஐந்தாறு வயதுக்குள் தொற்றினால் பெரும்பாலும் அறிகுறியே இன்றிக் கடந்துபோகும். தூய நீர் குடித்து வளர்ந்து, அத்தொற்றைச் சந்திக்காமலே பதின்ம வயதை எட்டும் பிள்ளைகளுக்கோ, விடுதியிலும் கல்யாணப் பந்தியிலும் குடிக்கும் நீரால் அது பெரும்பாலும் காமாலையாகவே வெளிப்படுகிறது. 2024-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூரில் குடிநீர் வழியே இந்நோய் பரவி உயிரிழப்பும் நேர்ந்ததை நாம் மறந்துவிடலாகாது.

எங்கள் விடுதியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்று தட்டை நகர்த்தியபோது வயிற்றுக் கோளாறு என்றே நினைத்தோம். அவன் கண் மஞ்சளித்த சில வாரங்களில், அதே தொட்டித் தண்ணீரைக் குடித்த மேலும் மூவர் படுத்தனர். விரிசல் விட்ட மூடியைத் திறந்து பார்த்தால், அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி வகைக்குத் தடுப்பூசி உண்டு, ஏ வகைக்கு இல்லை என்பதால், தொட்டியைக் கழுவிய தேதியை அதன் மேலேயே எழுதிவைப்பதையும், வாரந்தோறும் குழாய்நீரில் குளோரின் அளவைச் சோதிப்பதையும் எல்லா விடுதிகளுக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

— ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர், திண்டுக்கல்