மச்சான் வெட்டிய மேடு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா

அன்புள்ள சுடலை,

நலம். வீட்டில் எல்லாரும் நலம். சர்க்கரை அளவோடு இருக்கிறது, அளவு என்னவென்று கேட்காதே. மதினியை விசாரித்ததாகச் சொல். புது வீட்டுப் படங்களைப் பார்த்தேன். அந்த மாடிப்படிக்கு ஞானமுத்து சார் உன்னை வகுப்பைவிட்டே வெளியே அனுப்பியிருப்பார். சரி, உன் வீடு, உன் முட்டி.

விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் தன் கொல்லையில் எழுப்பப் போகிற கட்டடத்தால் அவரும் நானும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறோம். இவள் அண்ணன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தினமும் என் தட்டில் குழம்பைக் கொஞ்சம் பலமாகவே ஊற்றுகிறாள்.

இங்கே வீட்டுக்குப் பின்னால் 'அவுட்பில்டிங்' கட்டி வாடகைக்கு விடுவது இப்போது பெரிய தொழில். எங்கள் தெருவில் அது இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரசாங்கம் கட்டித்தரும் இலவச வீடு இருக்கிறது, ஆர்.டி.பி. வீடு என்பார்கள். நாற்பது சதுர மீட்டர், இரண்டு படுக்கையறை. குடும்ப வருமானம் மாதம் 3,500 ராண்டுக்குள் இருந்தால்தான் மனுவே போடலாம். அதற்குக் கொஞ்சம் மேலே சம்பாதிக்கிற நர்ஸுக்கு, கடைப் பையனுக்கு அதுவும் கிடையாது, வங்கிக் கடனும் கிடைக்காது. அவர்களெல்லாம் யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையில்தான் குடியிருக்கிறார்கள். ஆர்.டி.பி. வீடு கிடைத்தவர்களும் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வாடகைக்கு விடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

இன்னொரு பக்கம் வடக்குக் கடற்கரையைப் பார்த்தால் வேறு நாடு மாதிரி இருக்கும். உம்ஹ்லாங்கா தொடங்கி பலிட்டோ வரை கரும்புக்காட்டை அழித்து மதில் சுவர், காவல் வாசல் வைத்த எஸ்டேட்டுகளாகக் கட்டித் தள்ளுகிறார்கள். 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் வெட்டிய கரும்புக்காடு. அவர்கள் பேரப்பிள்ளைகளில் சிலர் அந்த மதிலுக்குள்ளே வீடு வாங்கியிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். மச்சான் வகையறாவால் அது முடியாது. அவர் முப்பது வருஷம் துணி ஆலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வெளிநாட்டு மலிவுத் துணி வந்து குவிந்ததில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, இவருக்கும் கையில் கொஞ்சம் காசோடு கதை முடிந்தது. அந்தக் காசைத்தான் கொல்லையில் போடப் போகிறார். இரண்டு மாடி, நாலு அறை, நாலு வாடகை.

கொல்லை என்றால் நம் ஊர்க் கொல்லையை நினைக்காதே. சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும்தான். 1960களில் நகராட்சி குன்றுகளைப் படிப்படியாக வெட்டி, ஒரு சுவரை இரண்டு வீடு பங்குபோடுகிற மாதிரி வரிசையாகக் கட்டிவிட்டது, கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ். வீட்டின் முதுகிலேயே மேடு நிற்கும். அந்த மேட்டை இவர் ஆள் உயரத்துக்கும் மேலே செங்குத்தாக வெட்டிவிட்டார். வரைபடம் கொடுக்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. 1977ஆம் வருஷத்துச் சட்டப்படி வரைபடத்துக்கு அனுமதி வாங்காமல் கட்டடமே எழுப்பக் கூடாது. "நீதான் இன்ஜினியர் ஆயிற்றே, நின்று பார்த்துக்கொள்" என்கிறார்.

மண் சிவப்பு. நம் தேரிக்காட்டு மண்ணுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெரியா சிவப்பு மணல் என்பார்கள். பழைய கடற்கரை மணல்மேடு, இரும்பு துருவேறிச் சிவந்தது. காய்ந்திருந்தால் சுவர் மாதிரி நிற்கும், தண்ணீர் இறங்கினால் பிடிப்பு போய்விடும். சொன்னால் நம்பவில்லை. மச்சான் வீட்டு அக்காவிடம் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, மேட்டின் விளிம்புக்குப் பின்னால் மெதுவாக ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் சிரித்தார். அப்புறம் வெட்டின பக்கத்தில் ஓர் இடம் ஈரத்தில் கறுத்தது, ஒரு சட்டி மண் சத்தமே இல்லாமல் வழுக்கி அஸ்திவாரக் குழிக்குள் உட்கார்ந்தது. கொத்தனார் மலாவிக்காரர். ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப்போய் நின்றார், அவருக்குப் புரிந்துவிட்டது.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள் அப்பா மேகஸின் பேரக்ஸில், நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பில், இருந்தவர். கடலுக்குப் பக்கம், வேலைக்குப் பக்கம், கோயில் பக்கம். இனவாரிப் பகுதிச் சட்டம் என்று சொல்லி இடித்துவிட்டு எங்களை இந்தக் குன்றில் கொண்டுவந்து போட்டபோது எந்த இன்ஜினியர் வந்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? நீயாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருப்பாய்.

ஆனாலும் 2022 ஏப்ரலை நான் மறக்கவில்லை, சுடலை. 11, 12 தேதிகளில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மாகாணத்தில் 430 பேருக்கு மேல் செத்தார்கள். பால்மியட் ஆற்றங்கரையில் குவாரி ரோட்டுக் குடிசைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே போய், மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான். குடிசைகள் மட்டும் போகவில்லை. முறையாகக் கட்டிய வீடுகளும் மேட்டோடு சேர்ந்து இறங்கின. அதே டொங்காட்டில் 2013 நவம்பரில் ஒரு வணிக வளாகம் கட்டும்போதே சரிந்து இரண்டு பேர் செத்தார்கள், 29 பேருக்குக் காயம். வேலையை நிறுத்தச் சொல்லிக் கோர்ட் உத்தரவு இருந்தபோதே நடந்த கான்கிரீட் வேலை அது.

வழி இருக்கிறது, செலவுதான் இடிக்கிறது. தடுப்புச்சுவர், அதன் முதுகில் ஜல்லி நிரப்பி வடிகால், சுவரில் வரிசையாகத் தண்ணீர் கசிந்து வெளியேற வீப் ஹோல் என்கிற துளைகள், கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்துத் தெருச் சாக்கடையில் விடுவது. கணக்குப் போட்டால் மேல்மாடிக்கு வைத்திருக்கிற பணம் முழுவதும் சுவருக்கே போய்விடும். மாடி இல்லாவிட்டால் இரண்டு வாடகைதான், "இரண்டு வாடகையில் நான் எதைச் சாப்பிட?" என்கிறார். அநியாயமான கேள்வி இல்லை.

உங்கள் ஊரில் கவுன்சிலருக்குக் கமிஷன் வெட்ட வேண்டியிருக்கிறது என்று புலம்பியிருந்தாயே, இங்கே வந்து பார். பெரிய வேலைத்தளமாக இருந்தால் ரவுடிக் கும்பல் துப்பாக்கியோடு வந்து வேலையில் முப்பது சதவீதம் எங்களுக்கு என்பார்கள். 2017இல் வந்த அரசுக் கொள்முதல் விதியில் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு முப்பது சதவீதம் என்று ஒரு வரி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2024 நவம்பரில் இதைத் தடுக்கவே அரசாங்கம் டர்பனில் மாநாடு போட்டது. மச்சானின் நாலு அறைக்கு அந்தக் கும்பல் வராது, அந்த மட்டும் நிம்மதி.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். களக்காட்டுப் பக்கம் சரிவுக்குக் கருங்கல்லை அடுக்கியே அடிக்கட்டு கட்டினாயே, அதைச் செங்குத்தாக நிறுத்தாமல் எவ்வளவு சாய்த்தாய், அடிமானம் எத்தனை அடி போட்டாய்? இங்கே உடைகல் மலிவு. அதில் ஒரு வழி கிடைத்தால் கீழ்த்தளத்தோடு இன்னும் ஓர் அறைக்காவது மச்சானிடம் பேரம் பேசலாம். அவர் மகள் கல்யாணம் வேறு டிசம்பரில் இருக்கிறது. பத்திரிகை வருமோ வராதோ என்று இவள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபரில் மழை பிடித்துவிடும். வரைந்து போனில் படம் எடுத்து அனுப்பு. தபாலில் போட்டால் இங்கே அடுத்த மழைக்குத்தான் வந்து சேரும். எழுத்தை மட்டும் கொஞ்சம் திருத்தமாக எழுது, உன் 3க்கும் 8க்கும் அன்றைக்கே எனக்கு வித்தியாசம் தெரியாது.

உன்,
முருகேசன்