சாத்துக்குடியின் கழுத்து நனையக் கூடாது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மரக்கன்றின் படம் பார்த்தேன். மதுரை வெயிலுக்குச் சாத்துக்குடி வாங்கினாயே, அது சரி. கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் நிற்கிற கமலா ஆரஞ்சு மலை மரம், கீழே சுகப்படாது.

தண்டில் முழங்கை போல ஒரு வளைவும் அதில் பிளாஸ்டிக் நாடாவும் தெரிகிறது அல்லவா, அதுதான் ஒட்டு. நாடாவைப் பிளேடால் பதமாகக் கீறி எடுத்துவிடு, விட்டால் தண்டை இறுக்கும். ஒட்டுக்குக் கீழே இருப்பது வேறு எலுமிச்சை இனத்தின் வேர்ச்செடி. அங்கிருந்து முள்ளோடு விறுவிறுவென்று கிளம்பும் போத்தை, அதாவது பக்கத் துளிரை, கண்டதும் கிள்ளு. விட்டுவிட்டால் மேலே இருக்கிற சாத்துக்குடி நசிந்து, முள்மரம்தான் மிஞ்சும்.

குழி இரண்டரை அடி நீள, அகல, ஆழம். தோண்டியதும் ஒரு முறை நிறையத் தண்ணீர் ஊற்றிப் பார். மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடத்தில் குழியே வேண்டாம், ஒன்றரை அடி மேடு கட்டி அதில் நடு. வடிந்துவிட்டால் மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழு உரமும் அரைக் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்பு. ஒட்டு தரைக்கு அரை அடி மேலே நிற்க வேண்டும். மண் பின்னால் அமுங்கும், அதனால் கொஞ்சம் தூக்கியே வை.

வீட்டுச் சாத்துக்குடி பெரும்பாலும் சாவது தண்ணீர் இல்லாமல் அல்ல, கழுத்தில், அதாவது மண்ணை ஒட்டிய அடித்தண்டில், தண்ணீர் நின்றுதான். ஈரத்தில் பூசணம் பிடித்துப் பட்டை வெடிக்கும், பிசின் ஒழுகும், இலை மஞ்சளாகும். தண்டைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு, ஒட்டு மூடாதபடி மண்ணை அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வட்டப் பாத்தி கட்டு. மரம் விரிய விரியப் பாத்தியையும் தள்ளிக்கொண்டு போ. பிசின் கண்டால் கெட்ட பட்டையைச் சீவிவிட்டுப் போர்டோ பசை தடவு. அந்தப் பசைக்கு, நூறு கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்துப் பிறகு ஒன்றாக்கு. இரும்புக் கத்தியை அதில் முக்கி எடு. செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

இளம் இலை சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக, இடையெல்லாம் மஞ்சளாக இருந்தால் துத்தநாகக் குறை. யூரியா அள்ளிப் போடாதே. லிட்டருக்கு ஐந்து கிராம் துத்தநாக சல்பேட், இரண்டரை கிராம் சுண்ணாம்பு, வடிகட்டி, துளிர் விடும்போது தெளி. இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது எச்சமல்ல, வண்ணத்துப்பூச்சிப் புழு. கையால் பொறுக்கினாலே போதும்.

முதல் இரண்டு வருஷப் பூவை உதிர்த்துவிடு. பழுக்கும்போது தோலில் ஊசித்துளை விழுந்து அழுகினால், இரவில் வந்து சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் வேலை. அதன் புழு வளர்வது சீந்தில் கொடியில், வேலியில் இருந்தால் அறுத்தெறி. பழத்துக்குத் துணிப்பை கட்டு.

நம் சூட்டில் தோல் ஆரஞ்சு நிறத்துக்கு வராது, அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். பூத்து எட்டொன்பது மாதத்தில் ஒன்றைப் பறித்துத் தின்று பார். பழத்தைப் பறித்துவிட்டால் பிறகு இனிப்பு ஏறாது.

படத்தில் சுவரோரம் ஒரு வெள்ளைக் குழாய் தெரிகிறதே, ஆர்.ஓ. கழிவு நீரா? அதில் உப்பு அதிகம், இலை நுனி கருகும். மாப்பிள்ளையிடம் சொல்லி இன்றைக்கே வேறு பக்கம் திருப்பச் சொல்.

அன்புடன்,
அப்பா