குசினி மேடைக்கு மாபிள் விற்றது தொடர்பாக

முகாமையாளர் ஐயாவுக்கு,

கடந்த தைப்பொங்கலுக்கு முதல் கிழமை உங்கள் கடையில் வெள்ளை மாபிள் வாங்கினோம். உங்கள் ஆட்களே கோண்டாவிலுக்கு வந்து எங்கள் குசினி மேடையில் பதித்துத் தந்தார்கள். பற்றுச்சீட்டின் படத்தையும் மேடையின் இன்றைய படங்களையும் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து அவற்றைப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

கல் வாங்கிய அன்று அம்மா உங்கள் விற்பனையாளரிடம் நேரடியாகவே கேட்டார்: "தம்பி, புளி, மஞ்சள், எண்ணெய் எல்லாம் படும், இது தாங்குமோ?" அதற்கு அவர் "சீலர் அடிச்சுத்தான் தருவம் அம்மா, ஒண்டும் ஆகாது" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அண்ணா அனுப்பிய காசைக் கொண்டுவந்து கட்டினோம்.

முதல் கிழமையே, சொதிக்குத் தேசிக்காய்ப்புளி விடும்போது சிந்திய இடமெல்லாம் வட்டம் வட்டமாக மங்கிவிட்டது. கறையென்று நினைத்து அம்மா தேய்த்துத் தேய்த்துக் களைத்துப் போனார். அது கறையே இல்லை. மாபிள் என்பது சுண்ணாம்புச் சத்து, அதாவது கல்சியம் காபனேற்று. தேசிக்காய், பழப்புளி, தக்காளி, வினாகிரி என்று எந்த அமிலம் பட்டாலும் மேல்பரப்பே கரைந்து பளபளப்புப் போய்விடும். சீலர் செய்வதெல்லாம் எண்ணெயும் மஞ்சளும் கல்லுக்குள் ஊறுவதைத் தாமதப்படுத்துவதுதான், அமிலம் அரிப்பதை அது தடுக்காது. இதைக் கல் விற்பவருக்குத் தெரியாது என்று நான் எப்படி நம்புவது?

அடுத்தது இதைவிட மோசம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே இருப்பதே சுண்ணக்கல், காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வைத்ததும் அந்தக் கல்லை நம்பித்தான். அதற்குள் ஊறி வரும் தண்ணீர் கேத்தலில் படிவதுபோல, குழாயைச் சுற்றி மேடையிலும் வெள்ளையாகப் படிந்தது. எப்படி எடுப்பதென்று உங்கள் கடைக்கு அழைத்துக் கேட்டேன். "வினாகிரியைத் தண்ணியில கலந்து துடையுங்கோ" என்றார்கள். துடைத்தேன். படிவு போனது, அதோடு சிங்கைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பளபளப்பும் போய்க் கை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது. படிவும் சுண்ணாம்பு, மாபிளும் சுண்ணாம்பு, ஒன்றைக் கரைப்பது மற்றதையும் கரைக்கத்தானே செய்யும். ரைல்ஸுக்குச் சொல்ல வேண்டியதை மாபிளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் அயலில் உள்ள மேசன் ஒருவர் ஒரு வழி காட்டினார். உங்கள் ஆட்கள் வெட்டிப் போட்டுவிட்டுப் போன மாபிள் துண்டிலும், அவர் கொண்டுவந்த கிரனைற் துண்டிலும் தேசிக்காயைப் பிழிந்து பத்து நிமிடம் விட்டுக் கழுவினோம். மாபிளில் துளி விழுந்த இடம் அப்படியே தெரிந்தது, கிரனைற்றில் ஒன்றுமில்லை. வாங்க வருகிறவர் முன்னால் உங்கள் கடையில் இதைச் செய்து காட்டினால் போதும், எந்தக் கல் தன் வீட்டுக்குச் சரிவரும் என்று அவரே முடிவெடுப்பார்.

மாபிள் கூடாத கல் என்று நான் சொல்லவில்லை. சாமியறையில் போட்டிருந்தால் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்போம். புளி படாத வீடுகளும் இருக்கலாம், மங்கலைப் பொருட்படுத்தாதவர்களும் இருப்பார்கள். ஆனால் மூன்று நேரமும் சமைக்கிற குசினி எங்களுடையது. என்ன சமைப்பீர்கள், என்ன தண்ணீர், யார் துடைப்பது என்று நீங்கள் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விறாந்தைக்கும் அதே மாபிள்தான் போடச் சொன்னீர்கள். செருப்போடு வரும் மணல் மாபிளைவிடக் கடினமானது, கீறிவிடும் என்று இப்போதுதான் அறிகிறேன், நல்லவேளை வாங்கவில்லை.

நான் கேட்பது இதுதான். மேடைக் கல்லைக் கழற்றி, வேறு செலவில்லாமல் கிரனைற் பதித்துத் தாருங்கள். விலை வித்தியாசம் இருந்தால் கணக்குக் காட்டுங்கள், நியாயமானதென்றால் கட்டுகிறேன். அது முடியாதென்றால், மேல்பரப்பை முழுதாக உரைத்து மினுக்கமில்லாத மட் பினிஷாக்கித் தாருங்கள், அதில் புதிய மங்கல்கள் இந்தளவுக்குக் கண்ணில் குத்தாது. பாதிக் காசையும் திருப்பித் தர வேண்டும், ஏனென்றால் பளபளப்புக்குத்தான் அந்த விலை கொடுத்தோம்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். அங்கே போக எனக்கு விருப்பமில்லை, கல் பதித்த உங்கள் பெடியள் நேர்த்தியாகத்தான் வேலை செய்தார்கள்.

பார்க்க ஆள் அனுப்புவதென்றால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு அனுப்புங்கள். கிரனைற் மாதிரித் துண்டுகளையும் கொடுத்துவிடுங்கள், இந்த முறை அம்மா தேசிக்காய் பிழிந்து பார்த்த பிறகுதான் கல்லைத் தெரிவு செய்வோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோண்டாவில்