ப்ராஜெக்ட் எழுதும் தம்பி தங்கைகளுக்கு

வணக்கம். ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க ஆள் தெரியுமா, எவ்வளவு கேட்பார்கள் என்று நேற்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. எழுதிக் கொடுப்பவர் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டியிருந்தால் மாட்டுவது நீங்கள்தான், அவர் இல்லை.

போன வாரம் ஒரு தங்கை, வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் பெண்களைப் பற்றிய அத்தியாயத்தைக் கொண்டுவந்தாள். நேரில் கேட்டு எழுதிய பக்கங்கள் அவ்வளவு உயிரோடு இருந்தன. முன்னுரை மட்டும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. படித்த கட்டுரையை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருப்பதைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னேன். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பக்கம் வந்துவிட்டது!

சரி, எங்கே தேடுவது? முதலில் சோத்கங்கா தளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒன்றை எடுத்து, கடைசியில் உள்ள துணைநூற்பட்டியலை முதலில் பாருங்கள். பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும். தென்னிந்திய வரலாறு, தமிழ் என்றால் நம் புதுச்சேரியிலேயே 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அப்புறம், மேற்கோள்களை ஒழுங்குபடுத்த ஸோட்டெரோ என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு பாரதி பூங்காவில் இருப்பேன். எழுதியது அரைப் பக்கமாக இருந்தாலும் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.