லோடு வரவில்லை என்று நானும் சொல்லியிருக்கிறேன்

டெல்டா மாவட்டங்களில் ஹெபடைடிஸ் சி மருந்து விநியோகத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கூட்டுறவு சொசைட்டியில் இருபத்தேழு வருஷம் உரம் விற்றவன். சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரமாகப் பார்த்து யூரியா லோடு வராமல் போகும். சைக்கிளில் வந்து நிற்கிறவர்களிடம் "லோடு வரல, நாளைக்கு வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து ரிஜிஸ்டரில் எதையாவது எழுதுவேன். எழுத ஒன்றும் இருக்காது. அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு வழி, அவ்வளவுதான். போன கார்த்திகையில் மருந்து கௌண்டருக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே இருந்த பெண் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு அதே மாதிரி குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வராததற்குக் காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் அந்தப் பெண்ணுக்கு மெமோ வரும், மருந்து வராது.

1996-ல் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தானமாக வரும் ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது அப்போது நம் நாட்டில் கட்டாயம் இல்லை. வைரஸையே 1989-ல்தான் அடையாளம் கண்டிருந்தார்கள். அந்த ரத்தத்தில் வந்ததா, அதற்கு முன்னும் பின்னும் போட்டுக்கொண்ட ஏதோ ஓர் ஊசியில் வந்ததா, இனி யாரால் சொல்ல முடியும்? வலி இல்லை, காமாலை இல்லை. கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மாட்டினேன். தண்ணியே போடாத எனக்குக் கல்லீரல் வியாதியா என்று மைத்துனர் நம்பவே இல்லை. மறுநாள் ஒரு கட்டு கீழாநெல்லியோடு வந்து நின்றார்.

அப்புறம் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வைரல் லோடு டெஸ்ட், ஸ்கேன். கல்லீரல் இன்னும் சுருங்கவில்லை என்றார்கள். சோபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்ளடாஸ்விர் 60 மில்லிகிராம், தினமும் ஒவ்வொன்று, 12 வாரம். ஆக 84 நாள். பாட்டிலுக்கு 28 மாத்திரை.

இதைச் சொல்லாமல் மேலே போனால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். சோபோஸ்புவிர் 2013 கடைசியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 84 நாளுக்கு 84,000 டாலர். அந்த மருந்தை இங்குள்ள கம்பெனிகளே தயாரிக்க, 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஒரு பைசா வாங்காமல் என் கையில் கொடுத்தீர்கள். முதல் பாட்டிலை மஞ்சள் பைக்குள் வைத்து, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்தவர் நகை என்று நினைத்திருப்பார்.

இரண்டு பாட்டில் முடிகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதுக்கு இரண்டு நாள் முன்னாடியே போனேன், நம் புத்தி அப்படி. "சோபோஸ்புவிர் வந்திருக்கு சார். டக்ளா வரல. திங்கட்கிழமை பாருங்க." சரி, வந்ததையாவது கொடுங்கள், போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். டாக்டரிடம் அனுப்பினார்கள். ஒன்றை மட்டும் போடவே கூடாது என்றார் அவர். இரண்டும் வைரஸை வெவ்வேறு இடத்தில் அடிக்கிற மருந்து. ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் வைரஸ் அதற்குப் பழகிக்கொள்ளும், பிறகு அந்த மருந்து வேலை செய்யாமலே போய்விடலாம். பாதி லோடு வந்தால் பாதிப் பேருக்காவது கொடுக்கலாம் என்பது உரக்கடைக் கணக்கு. இங்கே பாதி என்றால் பூஜ்யம்.

வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்ததை எண்ணினேன். இரண்டு வேளைக்கு இருந்தது. திங்கட்கிழமை வரை நான்கு நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் இழுத்துவிடலாமே என்று தோன்றியது. நல்லவேளை, போனில் கேட்டேன். இழுக்காதீர்கள், இருக்கிற வரை தினமும் முழு அளவு, தீர்ந்தால் இரண்டும் சேர்ந்து நிற்கட்டும், வந்ததும் இரண்டும் சேர்ந்து ஆரம்பிக்கட்டும் என்றார் டாக்டர். இதை முதல் நாளே யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. கேட்கத் தோன்றாதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தால் பகீர் என்கிறது.

செல்போனில் ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். 57-ஆம் நாளும் அது அடித்தது. மாத்திரை இல்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அணைத்துவிடலாம்தான். அணைத்தால் வைத்தியத்தையே அணைத்த மாதிரி இருந்தது. ஐந்து ராத்திரி அடித்து ஓய விட்டேன்.

திங்கட்கிழமை போனேன். வரவில்லை. மழை வேறு. இதற்குள் சென்னையில் இருக்கிற மகன் டாக்டர் சீட்டைப் போட்டோவில் வாங்கி, இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் இருக்கிற ஒரு பாட்டிலைக் கடையில் வாங்கி, கூரியரில் போட்டுவிட்டான். விலையைக் கடைசி வரை சொல்லவில்லை. "அவுட் ஃபார் டெலிவரி" என்று மூன்று நாள் காலையில் மெசேஜ் வந்தது. மூன்றாவது நாள் ஒரு பையன் கூப்பிட்டான்: "சார், பாலத்துகிட்ட தண்ணி நிக்குது, வண்டி வராது. ஆபீஸ்ல வந்து வாங்கிக்கிறீங்களா?" ஆபீஸ் 18 கிலோமீட்டர். மறுநாள் பஸ்ஸைப் பிடித்துப் போய் வாங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்து, டீக்கடைத் தண்ணீரில் ஒரு மாத்திரையைப் போட்டேன். அரை மணி நேரத்தில் போன் அடித்தது. கௌண்டர் பெண். "சார், டக்ளா வந்துடுச்சு." தன் சொந்தப் போனிலிருந்து பேசினார். என் நம்பரை ரிஜிஸ்டர் அட்டையில் எழுதி வைத்திருந்தாராம்.

இந்த ஐந்து நாள் பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்களின் வழிகாட்டுதலில் இந்த வகை மருந்துகளுக்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். கல்லீரல் சுருக்கம் இல்லாதவர், முதல் 28 நாள் தாண்டியவர், தொடர்ச்சியாக ஏழு நாள் வரை விட்டுப்போனால் உடனே ஆரம்பித்து மிச்சத்தை முடிக்கலாம். எட்டு நாள் ஆகிவிட்டால் மருந்தை ஆரம்பிக்கும்போதே ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால் இந்த வைத்தியத்தை நிறுத்தி வேறு வைத்தியத்துக்குப் போக வேண்டும். 21 நாள் ஆகிவிட்டால் நிறுத்தியது நிறுத்தியதுதான், வைரஸ் போய்விட்டதா என்று 12 வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டியதுதான். வரப்பு ஏழாவது நாளில் இருக்கிறது. நான் இரண்டு நாள் இந்தப் பக்கம் நின்றேன். என் சாமர்த்தியம் அதில் ஒன்றும் இல்லை. மகன் சம்பாதிக்கிறான், பஸ் ஓடியது.

திங்கட்கிழமை பெஞ்சில் என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். கையில் வீங்கின நரம்போடு, நடவு வேலைக்குப் போகிற மகளை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கும் அதே பதில்தான். கூரியரில் அனுப்ப அவருக்கு யார் இருக்கிறார்கள்? கல்லீரல் சுருங்க ஆரம்பித்தவர்களுக்கு டக்ளடாஸ்விருக்குப் பதில் வேல்படாஸ்விர் கொடுக்கிறார்கள். விட்டுப்போன நாட்களைப் பொறுத்துக்கொள்ளும் தெம்பு அவர்களுக்கு இன்னும் குறைவு.

லோடு ஏன் தாமதமாகிறது என்று உங்களைக் கேட்க நான் வரவில்லை. டெண்டர், லாரி, மழை, சென்னையிலிருந்து வராத ஒப்புதல் எல்லாம் எனக்கும் தெரியும். தாமதம் வரத்தான் செய்யும். எங்களுக்குத் தாமதம் புதிதா? கடைமடைக்காரர்கள் நாங்கள். மேட்டூர் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. தள்ளிப்போகிற வருஷமும் உண்டு. தள்ளிப்போனால் போகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வர எத்தனை நாள் என்பதும் எங்களுக்குக் கைக்கணக்கு. அதை வைத்துக் குறுவையை விட்டுவிடுவோம், சம்பாவை நேரடி விதைப்பாகப் போடுவோம், குறுகிய கால ரகத்துக்கு மாறுவோம். தேதி தெரிந்த தாமதத்தோடு பிழைக்கிற வித்தை டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். "நாளைக்கு வந்து பாருங்க" என்பதோடு பிழைக்கத்தான் யாருக்கும் தெரியாது.

28-வது மாத்திரை தீருகிற நாளில் அடுத்த பாட்டில் வாங்க வரச் சொல்கிறீர்கள். 21-வது நாளில் வரச் சொல்லுங்கள். இதற்கு மருந்து கூடுதலாக வேண்டாம், அதே 84 மாத்திரைதான். ஒரு வாரம் முன்னால் நகர்த்துகிறீர்கள், அவ்வளவே. அன்றைக்கு ஸ்டாக் இல்லாவிட்டாலும் தேடிப்பிடிக்க உங்களுக்கு ஏழு நாள் கிடைக்கும். மேலே சொன்ன ஏழு நாள் வரப்பு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். உரக் கிடங்கிலேயே கடைசி மூட்டை போகிற வரைக்கும் காத்திருந்து, அடுத்த லோடு கேட்டு இண்டெண்ட் போட்டால் செயலாளர் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் இரண்டு பாட்டிலாகக் கொடுத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் பிரசவ தேதி நெருங்கிய பெண்களைப் பட்டியல் எடுத்து முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கிற துறை உங்களுடையது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் பல நாள் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அந்த மாதிரி ஒரு வாரம் மறுபடி வந்தால் மாத்திரை நடுவில் இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள்? எங்கள் பட்டியலும் உங்களிடம்தானே இருக்கிறது.

இரண்டு பாட்டில் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள், விற்றுவிடுவார்கள் என்று மீட்டிங்கில் ஒருவர் கட்டாயம் சொல்வார். எல்லா மீட்டிங்கிலும் அப்படி ஒருவர் உண்டு, நானே அப்படிப் பேசியிருக்கிறேன். காலி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். டாஸ்மாக்கிலேயே பல இடங்களில் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற முறை வந்துவிட்டது. கல்லீரலைக் கெடுக்கிற பாட்டிலுக்கு இருக்கிற கணக்கு, காப்பாற்றுகிற பாட்டிலுக்கும் இருக்கட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் மாதிரி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அப்படி வருகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த மாத்திரைக்கு எனக்கு அது வேண்டாம். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெருவே எட்டிப் பார்க்கும். சேர்ந்து சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது, ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் வரும் என்று வீடு வீடாகப் போய் நான் விளக்க முடியாது. முடிவெட்டுகிறவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, நானே ஒரு ரேஸர் வாங்கிக் கண்ணாடி முன்னால் முகத்தைக் கிழித்துக்கொண்டவன் நான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கவரில் போட்டு வைத்துவிடுங்கள். நானே போய் வாங்கிக்கொள்கிறேன். ஒன்றரை மணி நேரப் பஸ்ஸும் இரண்டு நாள் கூலியும் பலருக்கு மிச்சமாகும்.

அந்தப் போன் விஷயம். ஒரு பெண் தன் காசில், தன் நம்பரில் செய்ததை அலுவலகத்தின் வேலையாக ஆக்குங்கள். "வந்துவிட்டது" என்று சொல்வதற்கு மட்டும் இல்லை, "இன்ன தேதி வரை வராது, அலையாதீர்கள், இருக்கிற மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இழுக்காதீர்கள்" என்று சொல்வதற்கும்தான்.

மார்கழியில் 84-வது மாத்திரையைப் போட்டேன். 12 வாரம் கழித்து, பங்குனியில் எடுத்த டெஸ்டில் வைரஸ் இல்லை என்று வந்துவிட்டது. ஒன்பது மணி அலாரத்தை அன்றைக்குத்தான் அணைத்தேன்.

ஒரு சில்லறைச் சந்தேகம் மட்டும் பாக்கி. கூரியரில் வந்த பாட்டிலில் அன்று பஸ் ஸ்டாண்டில் ஒன்றுதான் எடுத்தேன். மறுநாளிலிருந்து உங்கள் மருந்தையே சாப்பிட்டேன். ஆக, அதில் 27 மாத்திரை இருக்கிறது. உங்கள் பாட்டில்களிலும் ஒவ்வொன்று மிச்சம். சீல் உடைத்ததை யாருக்கும் கொடுக்க முடியாது என்று கௌண்டரில் சொல்லிவிட்டார்கள், நியாயம்தான். எல்லாம் அலமாரியில், சொசைட்டி பழைய ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இவற்றை எந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்று சொன்னால் வருகிற திங்கட்கிழமையே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடையிலிருந்து ஒரு முன்னாள் உரக்கடைக்காரன்