மதகும் பாசிவ் வாய்ஸும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், ஏரி மதகைப் பற்றி நீ எழுதிய ஆங்கில மனுவின் நகலும் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. அவள் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் மாலையில் படிக்க வருகிறார்கள், அதனால் பொழுது போகிறது.

மனுவில் உள்ள பாசிவ் (செயப்பாட்டுவினை) வாக்கியங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கீழே கோடு போடுகிறது, எல்லாவற்றையும் ஆக்டிவாக (செய்வினையாக) மாற்றிவிடவா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். சிலதை மாற்று, சிலதைத் தொடாதே.

நாம் பள்ளியில் இதை எப்படிப் படித்தோம் என்று நினைத்துப் பார். ‘ராமா கில்டு ராவணா’ என்று கொடுப்பார்கள். ‘ராவணா வாஸ் கில்டு பை ராமா’ என்று மாற்றினால் மார்க். இன்றும் அதேதான். முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளு, நடுவில் ‘வாஸ்’, கடைசியில் ‘பை’. பிள்ளைகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். எதற்காகச் செய்கிறோம் என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதனால்தான் ‘ஆக்சிடன்ட் வாஸ் ஹாப்பன்டு’ என்று எழுதுகிறார்கள். ‘ஹாப்பன்’ என்ற வினைக்குச் செயப்படுபொருளே கிடையாது, அப்புறம் அதில் பாசிவ் எங்கிருந்து வரும்? இன்னொரு பக்கம், கிடைத்த இடத்திலெல்லாம் ‘பை’யை ஒட்டுகிறார்கள். போன வாரம் ஒரு பையன் ‘த தீஃப் வாஸ் அரெஸ்டட் பை த போலீஸ்’ என்று எழுதினான். திருடனைப் போலீஸ் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ‘பை த போலீஸ்’ஸை அவனே அடித்துவிட்டான். ஆங்கிலத்தில் எழுதப்படும் பாசிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவை ‘பை’ இல்லாமல்தான் வருகின்றன. செய்தவரைச் சொல்லத் தேவையில்லாதபோது சொல்லாமல் விடலாம் என்பதுதான் பாசிவின் முதல் வசதி.

பாசிவை விட ஆக்டிவே மேல் என்பது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த விதி இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் மாணவர்களுக்காக அச்சிட்ட கையேட்டிலேயே அது இருக்கிறது. 1946இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரையில், ஆக்டிவ் போட முடிந்த இடத்தில் பாசிவ் போடவே கூடாது என்று எழுதினார். ஆனால் அதே கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ‘இட் ஈஸ் ஜெனரலி அஸ்யூம்டு’ என்று பாசிவ் வருகிறது. பொதுவாக எல்லோரும் நினைப்பதைச் சொல்கிறார், அங்கே ஆளைக் குறிப்பிட்டு என்ன ஆகப்போகிறது? நல்ல எழுத்தாளர்கள் தேவைப்பட்ட இடத்தில் பாசிவை எழுதத்தான் செய்கிறார்கள்.

இப்போது உன் மனுவுக்கு வருகிறேன். முதல் பத்தி முழுக்க மதகைப் பற்றியது. மதகு 2015 வெள்ளத்தால் உடைக்கப்பட்டது, மணல் மூட்டை போட்டு அடைக்கப்பட்டது, பிறகு பலகை வைத்து மூடப்பட்டது. எல்லாம் பாசிவ், எல்லாம் சரி. இவற்றை ஆக்டிவாக்கினால் முதல் வாக்கியத்தில் வெள்ளம் எழுவாயாக நிற்கும், அடுத்ததில் ஊர்க்காரர்கள், அதற்கடுத்ததில் கான்ட்ராக்டர். படிக்கிற அதிகாரியின் கண்ணிலிருந்து மதகு நழுவிவிடும். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது வாக்கியத்துக்கு வாக்கியம் முன்னால் நிற்க வேண்டும். அந்தப் பத்தியில் கை வைக்காதே.

மூன்றாம் பத்திதான் என்னை உறுத்தியது. ‘த எஸ்டிமேட் வாஸ் சப்மிட்டட். த ஃபைல் வாஸ் ரிட்டர்ன்டு. நோ ஆக்‌ஷன் ஹாஸ் பீன் டேக்கன்.’ யார் கொடுத்தார்கள், யார் திருப்பி அனுப்பினார்கள், யார் நடவடிக்கை எடுக்கவில்லை? இது ஆபீஸ் பாஷை. அத்தனை வருஷம் அதிலேயே எழுதியதால் உனக்குத் தானாக வருகிறது. ஆனால் இப்போது நீ மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறாய். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்த பிறகு மனு போடுகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள்? என் மனு மீது நடவடிக்கை எடுக்க வேண்டிய அலுவலரின் பெயர் என்ன, பதவி என்ன என்றுதானே? விட்டுப்போன அந்த ‘பை’யைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். நீயே அதை விட்டுவிட்டால் எப்படி?

அமெரிக்க அதிபராக இருந்த ரீகன் விஷயம் உனக்கு நினைவிருக்கும். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபோது, 1987 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் முன் பேசிய அவர் ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். தவறுகள் நடந்தன, செய்தவர் யார் என்று இல்லை. மார்ச் மாதம் தொலைக்காட்சியில் பேசும்போது ‘ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்ஸிபிலிட்டி’, முழுப் பொறுப்பும் என்னுடையது, என்றார். அந்த ‘ஐ’ வந்து சேர ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆயிற்று.

இதற்காகப் பாசிவை மட்டும் பழிக்கவும் கூடாது. ‘எ டிலே அக்கர்டு’ (தாமதம் ஏற்பட்டது) என்று ஒருவர் எழுதினால் அது ஆக்டிவ்தான். அதிலும் ஆள் இல்லை, கம்ப்யூட்டரும் கோடு போடாது. நம் தமிழிலேயே இது உண்டு. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது போலச் சொல்வதை வழக்கு என்று தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கிறது. திண்ணை எங்கே தன்னைத்தானே மெழுகிக்கொள்ளும்? அதனால் கோட்டைப் பார்க்காதே. இந்த வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டியவர் யாராவது இருக்கிறாரா என்று பார். இருந்தால் அவர் பெயர் வந்தாக வேண்டும். எந்த அலுவலகம் ஃபைலைத் திருப்பியதோ அதை எழுவாயாக வைத்து, தேதியையும் சேர்த்து எழுது.

கடைசி வரியை அப்படியே வைத்துக்கொள்: ‘திஸ் பெட்டிஷன் ஈஸ் சைன்டு பை எவ்ரி ஃபார்மர் இன் த ஆயக்கட்.’ அதுவும் பாசிவ்தான், கம்ப்யூட்டர் அதற்கும் கோடு போட்டிருக்கும். ஆனால் ஆங்கில வாக்கியத்தில் கடைசியில் வருவதற்குத்தான் அழுத்தம் அதிகம். ஆயக்கட்டில், அதாவது ஏரி நீர் பாயும் நிலங்களில், பயிர் செய்து கையெழுத்துப் போட்ட விவசாயிகள் அங்கே வந்து நிற்பதுதான் அழகு.

திருத்தியதை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. பார்த்து உடனே திருப்பி அனுப்புகிறேன். பொங்கலுக்கு நாங்கள் இருவரும் அங்கே வருவதாக இருக்கிறோம், தங்கச்சியிடம் சொல்லிவிடு. ஏரியையும் பார்த்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்